விசையின் பெயரும் விசையின் தொழிலும்
ஜேர்மன், ஆங்கில விசைப்பெயர்களை முன்வைத்துத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பற்றி ஒரு விமர்சனம்

கலைச்சொல்லாக்கம் பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் பாடநூலையே மையமாகக் கொண்டவை. தாவரவியலையும் பௌதிகவியலையும் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற வினா எழுந்த காலத்தில் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் அதற்கு விடை கூறின. அவற்றின் துணைகொண்டு இலங்கையில் ஒரு தலைமுறையே விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றது. தமிழ்நாட்டார் ஒளிச்சேர்க்கை என்பதை நாம் ஒளித்தொகுப்பு என்கிறோம், இரண்டும் நிலைத்தன, எதனாலும் குடிமுழுகவில்லை. ஆயினும் பாடநூற் சொல் வேறு, கருவியின் உடலில் பொறிக்கப்படும் சொல் வேறு. முன்னது வாசிக்கப்படுவது. பின்னதோ விரலால் தொடப்படுவது. தொட்டவுடன் ஒரு காரியம் நிகழ்வது. இவ்விரண்டாம் வகைச் சொற்களை முதலாம் வகைச் சொற்களை ஆக்கிய அதே முறையில் ஆக்க முற்பட்டதே கணினி விசைகளின் தமிழ்ப் பெயர்கள் வாழாமற் போனமைக்குக் காரணம் என்பது எமது துணிபு. அதனை ஜேர்மன் மொழியின் அனுபவத்தோடு ஒப்புநோக்கி இங்கு ஆராய்வோம்.

முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலைகளுக்குக் கணினி தாமதித்தே வந்தது. 1990களில் மின்கலமும் எரிபொருளும்கூடத் தடைசெய்யப்பட்ட பண்டங்களாயிருந்த நிலம் இது. வானொலி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய மக்களுக்கு விசைப்பலகை பற்றிய கவலை இருந்திருக்க நியாயமில்லை. 2009க்குப் பின்னரே மின்னிணைப்பும் கணினி அறைகளும் பரவலாயின. அத்தகையதோர் அறையில் நாம் கண்ட காட்சி இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. மாணவியின் கையிலிருந்த தமிழ்மொழிமூலக் குறிப்பில் 'கட்டுப்பாட்டு விசை' என்றிருந்தது. ஆசிரியர் வாயால் 'கொன்ட்ரோல்' என்றார். விசையின் மீது சீ, ரீ, ஆர், எல் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஒரே விசைக்கு ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர், கருவியில் ஒரு பெயர். பரீட்சைக்காக முதலாவதையும், பழக்கத்துக்காக இரண்டாவதையும், கண்ணடையாளமாக மூன்றாவதையும் அம்மாணவி மனனஞ் செய்யவேண்டியிருந்தது. ஆங்கிலம் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு இம்மூன்றும் ஒன்றே. ஆகவே இது வெறும் மொழிப்பற்றுப் பிரச்சினையன்று. கல்வி வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு பற்றிய பிரச்சினையுமாகும்.

முதலில் 'விசை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பூட்டைத் திறப்பதற்கும் எழுத்தை அழுத்துவதற்கும் பெயர் ஒன்றே. அதனைப் பின்பற்றிச் சாவி என்றும் சாவிப்பலகை என்றும் எழுதினோர் உளர். இன்றும் எழுதுவோர் உளர். சாவி போர்த்துக்கேயர் தந்த சொல். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சுவழக்கில் பூட்டுக்குரியது திறப்பு. 'திறப்புப் பலகை' என்று எவரும் எழுதத் துணியாமையே, சாவிப்பலகை என்ற சொல்லில் ஆங்கிலத்தின் நிழல் எவ்வளவு ஆழமாக விழுந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. ஜேர்மானியர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பூட்டுக்குரியது அவர்களுக்கு 'ஷ்லூசெல்', அழுத்துவது 'டாஸ்டெ'. பின்னது தொடுதல், தடவுதல் என்னும் பொருளடியாக இத்தாலிய மொழியிலிருந்து பெற்றது. பியானோவின் கட்டைக்கும் அதுவே பெயர். தமிழில் 'விசை' வென்றமை நல்லூழ். அழுத்தமும் மீள்தலும் பொறியின் இயக்கமும் ஒருங்கே தொனிக்கும் சொல் அது. ஆங்கிலப் பெயரை விட்டுத் தொழிலை நோக்கிய அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று. பலகைக்குச் சரியான பெயர் கண்டவர்கள், அதன்மீதுள்ள விசைகளுக்கு வந்தபோது ஏன் தடுமாறினர்?

ஜேர்மன் விசைப்பலகையை ஒருமுறை உற்றுநோக்குவது பயன்தரும். அங்கு கட்டுப்பாட்டு விசையின் மீது எஸ், ரீ, ஆர், ஜீ என்னும் எழுத்துகள் உள்ளன. 'ஷ்டொயருங்' என்பதன் சுருக்கம் அது. செலுத்துதல், திசைதிருப்புதல் என்பது பொருள். படகின் சுக்கானோடு உறவுடைய சொல். அழிக்கும் விசையில் 'என்ட்ஃபெர்னென்' என்பதன் சுருக்கம். அப்புறப்படுத்து என்று பொருள்படும். ஆங்கிலத்தில் 'ஹோம்' எனப்படும் விசைக்கு அவர்கள் இட்ட பெயர் வீட்டோடு தொடர்பற்றது: 'பொஸ் ஐன்ஸ்', அஃதாவது முதலாம் நிலை. சுட்டுகுறி வரியின் முதலிடத்துக்குச் செல்கிறது. பெயரும் அதையே சொல்கிறது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் விசைகளைப் பக்கம் என்னாது 'பில்ட்', அதாவது படம் என்றனர். திரையில் ஒரு முறைக்குத் தெரியும் அளவே நகர்கிறது என்பதால் அது துல்லியமானதே. எனினும் அவர்கள் எல்லாவற்றையும் பெயர்த்துவிடவில்லை. ஆல்ட், எஸ்கேப், டாப் என்பன ஆங்கிலச் சுருக்கங்களாகவே நிற்கின்றன. தூய்மைவாதம் அங்கு அளவுகோலாக இருக்கவில்லை. எது பயனாளிக்குத் தொழிலை உணர்த்துமோ அதைப் பெயர்த்தனர். எது வெறும் அடையாளமாக நின்றாற் போதுமோ அதை விட்டுவைத்தனர்.

ஜேர்மன் அனுபவத்தைப் போற்றிப் புகழ்வதும் எமது நோக்கமன்று. ஷ்டொயருங்கின் சுருக்கத்தை 'ஸ்ட்ரிங்' என்று தவறாக வாசிக்கும் ஜேர்மானியர் ஏராளம். அது அவர்களிடையே பழகிப்போன நகைச்சுவை. தாய்மொழிச் சொல்லைப் பொறித்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சுருக்கம் எந்த மொழியிலும் புதிரே. ஆனால் அப்புதிரை அவிழ்க்க விரும்பும் ஜேர்மன் சிறுவன் தன் மொழிக்குள்ளேயே விடையைக் காண்கிறான். முல்லைத்தீவுச் சிறுமி அதற்காக இன்னொரு மொழிக்குள் செல்லவேண்டியுள்ளது.

ஜேர்மன் பெயர்கள் விசைகளின்மேல் ஏறியமைக்கு அவர்களின் மொழியுணர்வைக் காரணங் காட்டுவது அரைகுறை விளக்கமாகும். தட்டச்சுப் பொறிகளை அவர்களே செய்தார்கள். விசைப்பலகையின் அமைப்பு டின் 2137 என்னும் தேசிய நியமத்தால் வரையறுக்கப்பட்டது. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் அம்மொழியிலேயே இயங்கின. உற்பத்தி எவர் கையிலோ பெயரிடும் உரிமையும் அவர் கையில். இந்த எளிய உண்மையைக் காணத் தவறும் கலைச்சொல் விவாதங்கள் சொற்களுக்குள்ளேயே சுழன்று முடிகின்றன.

இவ்விடத்தில் தமிழுக்கும் ஜேர்மனிக்கும் இடையிலான ஒரு பழைய உறவை நினைவுகூர்தல் தகும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடியாகக் கருதப்படுபவர். அவருடைய அமைப்பின்படி தமிழ்ப் பொறிகளைச் செய்து கொடுத்தது ஜேர்மனியின் டிரெஸ்டென் நகரிலிருந்த ஸைடெல் உன்ட் நௌமன் தொழிற்சாலை. தையற்பொறி செய்யத் தொடங்கித் தட்டச்சுப் பொறிக்கு வந்த நிறுவனம் அது. தமிழில் 247 எழுத்துகள் என்று இலக்கணம் சொல்லும். பொறியில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைந்த விசைகள். இவ்விடைவெளியை நிரப்புவதற்கு எழுத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி, விசிறி தனி. அடித்தாலும் வண்டி நகராதபடி சில விசைகளை அமைக்கவேண்டியிருந்தது. அவற்றை ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் செத்த விசை என்றே அழைத்தனர். ஜேர்மானியருக்கு அது பிரெஞ்சுக் குறிகளை இடுதற்கு எப்போதாவது வேண்டப்பட்டது. தமிழிலோ அது புள்ளிக்குரிய இடம். ஒவ்வொரு சொல்லிலும் வேலை செய்வது. உயிரெழுத்தில்லாத மெய்யைத் தரும் விசையைச் செத்தது என்றழைப்பதில் ஒருவகை இலக்கணப் பொருத்தம் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்த விசைக்கு நமது தட்டெழுத்தாளர்கள் என்ன பெயர் வழங்கினர் என்பதை நமது அகராதிகள் எவையும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தமிழ் எழுத்தின் இயல்பைக் கருவிக்கு உணர்த்திய அந்தப் பெருமுயற்சியில் எழுத்துகள் தமிழாயின. விசைகளின் தொழிற்பெயர்கள் தமிழாகவில்லை. இன்றைய சிக்கலின் வேர் அங்கேயே உள்ளது.

ஷிப்ட் என்ற பெயரின் வரலாறு இதனை விளக்கும். 1874இல் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ் - கிளிடன் பொறியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மாத்திரமே இருந்தன. 1878இன் ரெமிங்டன் இரண்டாம் பொறியிற்றான் ஒரு விசையில் ஈரெழுத்து என்னும் உத்தி புகுந்தது. அவ்விசையை அழுத்தினால் வண்டி உண்மையாகவே இடம்பெயரும். இடப்பெயர்வே பெயராயிற்று. கணினியில் எதுவும் இடம்பெயர்வதில்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. ஜேர்மானியர் 'உம்ஷால்ட்' என்றனர். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு ஆளியைத் திருப்புவது போன்ற செயல். தமிழிலோ 'மாற்று' என்ற சொல்லை ஷிப்டுக்கும் ஆல்டுக்கும் இருவேறு கைகள் வழங்கியிருக்கக் காண்கிறோம். மாற்று விசையை அழுத்துக என்று ஒரு குறிப்புக் கூறுமாயின் எதை அழுத்துவது? இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அகராதியிற் பார்த்தவர்க்கு இரண்டுக்கும் மாற்றுதல் என்ற பொருள் கிடைத்தது. விசைகளை அழுத்திப் பார்த்திருப்பின் அக்குழப்பம் நேர்ந்திராது.

கப்ஸ் லொக் இன்னும் சுவையானது. தமிழில் பேரெழுத்தும் இல்லை, சிற்றெழுத்தும் இல்லை. பெரியவன், சிறியவன் என்ற பேதம் நமது சமூகத்தில் நிறைய உண்டு. நல்லவேளையாக எழுத்தில் இல்லை. ஆகவே 'பேரெழுத்துப் பூட்டு' என்பது தமிழ் எழுதும் கைக்கு எதனையும் குறியாத சொல். அதே விசையை ஜேர்மானியர் 'ஃபெஸ்ட்ஷ்டெல்' என்கின்றனர்: நிலைநிறுத்துதல். பெரிய எழுத்துக்கு அம்மொழியில் உள்ள இடமோ ஆங்கிலத்தைவிட அதிகம். பெயர்ச்சொற்கள் அனைத்தும் அங்கு பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. அவர்கள்கூட எழுத்தின் அளவைப் பெயரில் ஏற்றாது விசையின் தொழிலையே ஏற்றியிருக்க, பேரெழுத்தே இல்லாத நாம் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பு அடிமைத்தனத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

1999 பெப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெற் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பில் உயிர்கள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்துள்ளன. பன்னீருயிரும் பதினெண்மெய்யும் ஆய்தமும் ஷிப்டின் உதவியின்றியே கிடைக்கும். அவ்விசையை நாடவேண்டுவது ஜ, ஸ, ஷ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளுக்கே. அங்கு அது வடவெழுத்து விசையாகவே மாறிவிட்டது எனலாம். இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் அமைப்போ தட்டச்சுப் பொறியின் வழிவந்தது. அதிலே ஷிப்ட் இல்லாது தமிழ் எழுத இயலாது. ஆகவே ஒரே விசை சென்னையில் ஒரு தொழிலும் முல்லைத்தீவில் வேறொரு தொழிலும் செய்கிறது. ஆங்கிலப் பெயரை மாத்திரம் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதேயில்லை.

அழித்தல் பற்றிச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். தமிழின் தனித்தன்மை வெளிப்படும் இடம் அதுவே. ஆங்கிலத்தில் பக்ஸ்பேஸ் என்பது தட்டச்சுப் பொறியில் ஓரிடம் பின்செல்லுதலை மட்டுமே குறித்தது, எதனையும் அழிக்கவில்லை. டிலீட் துளைநாடாவிலிருந்து வந்தது. தவறாகத் துளைத்த இடத்தில் ஏழு துளைகளையும் இட்டுவிட்டால் வாசிக்கும் பொறி அதைப் பொருட்படுத்தாது கடந்துசெல்லும். அதனாற்றான் அஸ்கி குறிமுறையில் அதன் இலக்கம் ஏழு துளைகளின் முழுத்தொகையாகிய 127. இவ்விரு வேறு வரலாறுகளும் கணினியில் ஒரே செயலின் இரு திசைகளாயின. தமிழிலே 'அழி' என்பது இரண்டுக்கும் பொருந்தும் நல்ல சொல். பாடசாலைப் பெட்டியில் அழிறப்பர் வைத்திருக்கும் பிள்ளைக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. பின்னழி, முன்னழி என்று திசை காட்டிப் பிரித்தால் போதும் என்றே முதலில் நாமும் எண்ணினோம்.

ஆனால் தமிழில் அவ்விரு விசைகளும் வெவ்வேறு அளவில் அழிக்கின்றன. 'கொ' என்று எழுதியபின் பக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்களில் 'க' எஞ்சும். அதே எழுத்தின் முன் சுட்டுகுறியை வைத்து டிலீட்டை அழுத்தினால் முழு எழுத்தும் போய்விடும். முன்னது குறியீட்டை அழிக்கிறது. பின்னது எழுத்தை அழிக்கிறது. இன்னும் வியப்பானது மெய்யெழுத்து. 'க்' என்பதில் பக்ஸ்பேஸை அழுத்தினால் புள்ளி மறைந்து 'க' நிற்கும். அரை மாத்திரை ஒலித்த இடத்தில் இப்போது ஒரு மாத்திரை ஒலிக்கிறது. அழித்ததனால் ஒலி கூடியது! மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்பது நமது இலக்கணம். உயிர்மெய்யிலிருந்து அகரத்தைப் புள்ளி நீக்குகிறது என்பது பொறியின் இலக்கணம். 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பு, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையை ஒட்டித் தமிழுக்கு இடம் வகுத்தபோது இவ்வியல்பு நிலைபெற்றது. அது சரியா, பிழையா என்னும் பழைய வழக்கை இங்கு மீளக் கிளப்ப விரும்பவில்லை. ஆனால் விசைக்குப் பெயரிட முற்படுவோர் இதனை அறியாது பெயரிட்டால் அப்பெயர் மாணவனை ஏமாற்றும். பின்னழி என்ற சொல்லைக் கற்ற பிள்ளை, அழித்தபின் எழுத்து ஏன் நீள்கிறது என்று கேட்டால், கலைச்சொற் பட்டியல் என்ன விடை கூறும்? ஆங்கிலத்துக்கும் ஜேர்மனுக்கும் இந்த வினா இல்லை. இது தமிழின் வினா. விடையையும் தமிழே காணவேண்டும்.

இலக்கண அறிவு பயன்படும் மற்றோர் இடம் என்டர் விசை. அதனை 'நுழைவு விசை' என்றும் 'உள்ளிடு விசை' என்றும் எழுதுகின்றனர். நுழைதல் தன்வினை; வீட்டினுள் நுழைபவன் தானே நுழைகிறான். இங்கோ பயனாளி ஒன்றையும் நுழைவதில்லை. தான் எழுதியதைப் பொறிக்குள் இடுகிறான். ஜேர்மானியரின் 'ஐன்காபே' உட்கொடுத்தல் என்று பிறவினைப் பொருளையே தருகிறது. ஆகவே உள்ளிடு என்பதே சரி. எஸ்கேப் என்பதைத் தப்பு எனப் பெயர்த்தால் அது தவறான விசை என்று பொருள்படும் அபாயம் உண்டு. ஜேர்மானியர் அதனைத் தொடாமலே விட்டது போல நாமும் விட்டுவிடலாம் என்பது எமது கருத்து. தமிழின் மானம் அவ்விசையின் மூலையில் தங்கியிருக்கவில்லை.

கட்டுப்பாட்டு விசைக்குத் திரும்புவோம். விலைக்கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்று வழங்கும் நாட்டில் கட்டுப்பாடு என்பது தடுத்தலையே குறிக்கிறது. அவ்விசை எதனையும் தடுப்பதில்லை. தொலைத்தட்டச்சுக் காலத்தில் அதை அழுத்திக்கொண்டு 'ஜீ' என்னும் எழுத்தை அடித்தால் மறுமுனையில் மணி ஒலித்தது. 'எம்' அடித்தால் வண்டி வரித்தொடக்கத்துக்குத் திரும்பியது. எழுத்து எழுத்தாக அச்சிடப்படாமல் கட்டளையாக மாறுகிறது. அத்தொழிலுக்குத் தமிழ் இலக்கணம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு பெயரை வைத்திருக்கிறது: ஏவல். ஏவல் விசை என்போமாயின் தொழிலும் விளங்கும். எட்டாந்தர மாணவர் கற்கும் ஏவல் வினையோடு தொடர்பும் உண்டாகும். ஏவல் என்றவுடன் பில்லியும் சூனியமும் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் மறுத்தார். அந்த அச்சம் உள்ளவர்கள் கணினியை எப்படியும் தொடமாட்டார்கள். ஹோம் விசைக்கு இல்லம் என்றோ அகம் என்றோ பெயரிடும் ஆசை எழுவது இயல்பு. சுட்டுகுறி செல்லும் இடம் நோக்கி வரித்தலை என்பதே தகும்.

ஏவல் விசையோடு சேரும் எழுத்துகள் பற்றியும் ஒரு சொல். சேமித்தற்கு எஸ், படியெடுத்தற்கு சீ என்பன ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ஜேர்மன் மொழியிலான வேர்ட் மென்பொருளில் தடித்த எழுத்துக்கு, ஏவல் விசையோடும் ஷிப்டோடும் எஃப் சேர்கிறது; 'ஃபெட்' என்பது அவர்களின் சொல். சாய்ந்த எழுத்துக்குக் கே. 'குர்சீவ்' என்பதன் முதலெழுத்து. தமிழில் இத்தகையதோர் ஏற்பாடு இல்லை. விசையின் பெயரைத் தமிழாக்கிவிட்டு, அதனோடு சேரும் எழுத்தை ஆங்கில நினைவிலேயே விடுவது பாதிக் கிணறு தாண்டுவதாகும்.

அலுவலகங்களில் நடப்பது இன்னும் கவலைக்குரியது. இலங்கையின் தமிழ்த் தட்டெழுத்தாளர் பலர் நீண்டகாலம் பாமினி எழுத்துருவிலேயே பணிபுரிந்தனர். அதன்படி 'தமிழ்' என்று எழுதுவதற்கு ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் விசைகளை அடிக்கவேண்டும். கணினியைப் பொறுத்தவரை அங்கு சேமிக்கப்பட்டதும் அவ்வாங்கில எழுத்துகளே. எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து அவை தோன்றும். ஓர் ஊரின் காணி விபரமோ மீள்குடியேறியோர் பட்டியலோ அவ்வாறு சிதைந்து தோன்றும்போது அது வெறும் தொழினுட்பக் கோளாறாக அம்மக்களுக்குப் படுவதில்லை. தமிழ் வெளியே தெரியும் ஓர் உடையாகவும் ஆங்கிலம் உள்ளே இயங்கும் உடலாகவும் அமைந்துவிட்ட நிலை அது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும், 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதும் நாம் அறிந்தவை. அரசியலமைப்பில் இடம்பெற்ற மொழி அரச அலுவலகத்தின் கோப்புக்குள் எழுத்தாக இடம்பெறுவதற்கு அதன்பின்னும் இருபது ஆண்டுகள் சென்றன. ரெங்கநாதன் அமைப்பை ஏற்ற நியமம் 2008க்குரியது.

பெயரிடல் ஒரு கொள்கையாகவே நடைபெற்ற நிலமும் இதுவே என்பதை மறைக்கலாகாது. 2009க்கு முன் வன்னியில் நிலவிய நிருவாகம் கடைப்பெயர், ஊர்திப்பெயர் அனைத்தையும் தனித்தமிழாக்க முனைந்தது. பேக்கரி வெதுப்பகமாயிற்று; மோட்டார்ச் சைக்கிள் உந்துருளியாயிற்று. அந்நிருவாகத்தை எவ்வாறு மதிப்பிடினும், பெயர்களின் பிற்கால வாழ்வு ஆய்வுக்குரியது. வெதுப்பகம் இன்றும் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. உந்துருளி செய்தித்தாளோடு நின்றுவிட்டது. தெருவில் அது மோட்டச்சைக்கிளே. வயலிலும் இரண்டு சில்லு உழவுயந்திரத்தை விவசாயி லான்மாஸ்டர் என்றே அழைக்கிறான்; அது வந்திறங்கிய வணிகப் பெயர். வெதுப்பகத்தின் பாணை ஊரிலேயே சுட்டனர். உந்துருளியும் லான்மாஸ்டரும் பெயரோடு கப்பலில் வந்தன. இதனையே முழு விளக்கமாக நாம் கொள்ளவில்லை. ஆயினும் ஜேர்மன் விசைகளைப் பற்றி மேலே கூறியதோடு இது ஒத்துச்செல்வதைக் காணாதிருக்க இயலாது.

அப்படியாயின் நாமே கணினி செய்யும் நாள்வரை காத்திருப்பதா என்று கேட்கலாம். சுவிற்சர்லாந்து ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழங்கும் நாடு. அங்கு ஜேர்மன் பேசுவோரின் விசைப்பலகையிலும் ஷ்டொயருங் இல்லை. எவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலச் சுருக்கங்களே பொதுவாக உள்ளன. கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவாக அம்புக்குறி முதலிய சின்னங்களைப் பொறித்தனர், அவை ஐ.எஸ்.ஓ. 9995 நியமத்தின் ஏழாம் பகுதியில் வரையறுக்கப்பட்டுள்ளன. பல மொழி பேசும் நாடு எவரையும் தாழ்த்தாது செல்வதற்கு இவ்விரு வழிகளும் உண்டு. இலங்கையில் மும்மொழி விசைப்பலகைகள் என விற்கப்படுவனவற்றில் எழுத்துகள் மூன்று மொழியிலும் உள்ளன. தொழில் விசைகள் ஆங்கிலத்தில் மட்டும். சுவிற்சர்லாந்தின் வழி என்று இதனை நியாயப்படுத்த முடியாது. அங்கு ஆங்கிலம் எவ்வர்க்கத்துக்கும் உரிய ஆளும் மொழியாக இருந்ததில்லை. இங்கு இருந்தது, இருக்கிறது. எமக்குக் கனடாவின் வழியே உகந்ததாகத் தோன்றுகிறது. சின்னத்தைப் பொறித்து, அதன் தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் பாடநூலில் ஒரே சீராகக் கற்பிக்கலாம். சின்னத்துக்குப் பெயர் சூட்டுபவர் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை. தொழிலைப் பார்த்தே பெயரிடவேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டாகிறது.

இப்பணிக்கு வேண்டியவர்கள் தொலைவில் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உள்ளது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு பயில்வோருள் தமிழ்மொழிமூலம் கணினி கற்று வந்தவர்கள் பலர். ஆங்கிலமொழிமூலம் அதே பாடத்தை மீளக் கற்பவர்கள். இரு பெயர்களுக்கிடையிலான இடைவெளியை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். தமிழ்த்துறையினர் அவர்களோடும், பிரதேச செயலகங்களில் நாளெல்லாம் தட்டெழுதுவோரோடும் ஒரே மேசையில் அமர்ந்து, பட்டியலை வைத்துக்கொண்டல்லாது பலகையை வைத்துக்கொண்டு பேசவேண்டும். முதலிற் பேசவேண்டிய விசை எதுவென எம்மைக் கேட்பின், பக்ஸ்பேஸ் என்போம். புள்ளியை மட்டும் அழிக்கும்போது ஒரு பெயரும், எழுத்தை முழுதாக அழிக்கும்போது வேறொரு பெயரும் வேண்டுமா, அன்றி அவ்விசையின் தொழிலையே தமிழுக்கு ஏற்ப மாற்றி அமைக்குமாறு மென்பொருள் செய்வோரைக் கேட்பதா என்பது அங்கு முடிவுசெய்யப்படலாம்.